ஓடைக்கரை ஆறு ஏக்கரும் தங்கள் தங்கையும்

வெள்ளைப்பாலத் தோட்டம்,
மேரு, கிள்ளான்.
ரௌத்திரி வருஷம் ஐப்பசி மாதம் 4-ந் தேதி, புதன்கிழமை.

என் வணக்கத்துக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய மச்சான் பக்கிரிசாமி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சீதாலெட்சுமியின் கணவன் சபாபதி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நாங்கள் இருவரும் சௌக்கியம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் தாங்களும் இராஜம்மா அக்காவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். தங்கள் முழங்கால் வலியை முதலில் விசாரிக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. ஆகையால் முதலில் விசாரித்துவிட்டேன்.

தங்கள் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்து சேர்ந்தது. "கௌரவமான வீட்டுப் பெண்ணைக் காட்டிலே உட்கார வைத்த கிராணி" என்று என்னைக் குறிப்பிட்டிருக்கும் இடத்தில் தங்கள் பேனா காகிதத்தையே கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. நான் அதை மூன்று முறை வாசித்தேன். சீதாலெட்சுமி ஒரு முறை வாசித்துவிட்டு, "அண்ணனுக்குக் கோவம் வந்தா கையெழுத்து நல்லா வருது" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து அவளை அழைத்துப் போய்விடுவதாகவும், ஸ்டேஷனுக்கு நான் மாட்டுவண்டிகூட அனுப்ப வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மச்சான், தயவுசெய்து இதை முழுக்க வாசித்துவிட்டு அப்புறம் ரயில் ஏறுவதைப் பற்றி யோசியுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்குப் பெருமை இல்லாத இடங்களையும் விடாமல் எழுதுகிறேன். அவை கொஞ்சம் அதிகமாகவே இருக்கின்றன.

ரயில் கார்டு ஜெயராஜ் சொன்னதாகத் தாங்கள் எழுதியிருக்கும் சங்கதிகளை முதலில் திருத்திவிடுகிறேன். ஜெயராஜ் நல்ல மனுஷர்தான், ஆனால் எங்கள் தோட்டத்துப் பக்கம் அவர் ஒரு நாளும் வந்ததில்லை. தங்கள் தங்கை தன்னைக் கயிற்றால் மரத்தோடு கட்டிக்கொள்ளவில்லை. பாய் விரித்துத்தான் உட்கார்ந்தாள். மூன்று பகல் மூன்று இரவு என்பதும் பொய், ஒரே ஒரு காலை, அதுவும் பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டது. பக்கத்தில் புலி படுத்திருக்கவில்லை. ஒரு உடும்பு வந்தது. இவளைப் பார்த்ததும் அதுவே ஒதுங்கிப் போய்விட்டது. துரையை அகப்பையால் அடிக்க ஓங்கினாள் என்பது முழுப் பொய். உட்கார்ந்திருந்த முப்பத்தெட்டுப் பெண்களுக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்ததால் அகப்பை கையில் இருந்தது, அவ்வளவுதான். துரை குதிரையை இரண்டடி பின்னால் நகர்த்தினார் என்பது மட்டும் நிஜம்.

இது எங்கே ஆரம்பித்தது என்றால் அரிசியில் ஆரம்பித்தது. ரங்கூன் அரிசிக் கப்பல் நின்றுபோனதும் பட்டணத்தில் நீங்கள் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் பாசார் என்று ஒன்று பக்கத்தில் இருந்தால் எதையாவது வாங்கித் தின்னலாம். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற கூலி ஜனங்களுக்குத் தோட்டம் கொடுக்கிற அரிசிதான் அரிசி. சீட்டுக்கு இத்தனை படி என்று இருந்தது பாதியாயிற்று. அந்தப் பாதியை அளந்து போட்டுக் கணக்கெழுதுகிற கிராணி வேலை என்னுடையது. படியில் அரிசியைக் கொட்டி, கோலால் தலைதட்டி, பையில் சரிப்பேன். களையெடுக்கிற கூட்டத்தில் வீரம்மா என்று ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், நாக்கு கொஞ்சம் நீளம். ஒரு சனிக்கிழமை அவள் தன் முறை வந்ததும் பையை நீட்டிக்கொண்டு, "கிராணியாரே, ஒரு தடவ அந்தக் கோல மறந்து வச்சிட்டு வாங்களேன்" என்றாள். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என் கையில் இருந்த கோலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான், அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, இலையில் விழுந்த சோற்றில் பாதியைத் திருப்பி எடுத்துவிடச் சொன்னேன். ஆகவே அப்புறம் நான் செய்த முட்டாள்தனத்தையெல்லாம் நல்லெண்ணத்தில்தான் செய்தேன் என்பதற்கு இதை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒவ்வொரு தோட்டமும் தன் ஆட்களுக்குத் தானே உணவு பயிரிட வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு வந்தது. எங்கள் பங்கு பன்னிரண்டு ஏக்கர். தோட்டத்தின் வடக்கு ஓரத்தில், ஓடையின் இரண்டு கரையிலும், ரப்பர் நடாமல் விட்ட காடு சரியாகப் பன்னிரண்டு ஏக்கர் இருந்தது. தோட்டத்து மானேஜர் துரை வரைபடத்தில் அதன் மேல் சுட்டுவிரலை வைத்து, "கிராணி, நீ இந்தக் காடு வெட்டு. நெல் போடு. நீதான் சோத்துக்குப் பெரிய ஆளு" என்றார். எங்கள் துரை தமிழை லயத்தில் இருபது வருஷம் கேட்டுப் பழகியவர், கிள்ளான் பெரிய அதிகாரியே வந்து தமிழ் பேசினாலும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார். அதனால் அதை நான் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து, "சீதா, உணவுக் காரியம் முழுவதும் இனிமேல் என் பொறுப்பு" என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு நெல்லுச் செடி எது, கோரை எதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள். அதெல்லாம் புஸ்தகத்தில் இருக்கும் என்று பதில் சொன்னேன். எந்தப் புஸ்தகம் என்று அவள் கேட்கவில்லை. அது அவள் பெருந்தன்மை.

மாசியில் வெட்ட ஆரம்பித்தோம். முதலில் ஓடையின் கீழ்ப்பாதியை ஒட்டிய சரிவில் ஆறு ஏக்கர். நான் கறுப்புக் கோட்டும் குடையுமாக ஒரு அடிமரத்தின் மேல் நின்றுகொண்டு மேற்பார்வை செய்தேன். மூன்றாம் நாள் ஒரு பொந்திலிருந்து பத்து முழ நீளத்துக்கு மலைப்பாம்பு ஒன்று வெளியே வந்தது. அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் அடிக்கச் சொல்லிக் கத்தினேன். கத்தினதற்குக் காரணம், அது நான் நின்ற அடிமரத்துக்குக் கீழே இருந்துதான் வந்தது. அடித்து, மூங்கிலில் தொங்கவிட்டு, ஊர்வலமாக என் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து, "பாத்தியா, உன் கோழியெல்லாம் இனிமே பத்திரம்" என்றேன். "நாலு வருஷமா அது அங்கதான் இருக்கு. ஒரு கோழி கொறஞ்சதில்ல" என்று மட்டும் சொல்லி அவள் உள்ளே போய்விட்டாள். பங்குனியில் வெட்டிய மரங்கள் காய்ந்ததும் நெருப்பு வைத்தோம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று நான் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துத்தான் உத்தரவு கொடுத்தேன். காற்று என் உத்தரவுக்குப் பிறகு மனசை மாற்றிக்கொண்டது. நாற்பது ரப்பர் மரம் கருகிற்று. துரையின் முகம் போன நிறத்தை நான் தமிழில் எழுத முடியாது.

போகட்டும், சாம்பல் நல்ல உரம் என்று எல்லாரும் சொன்னார்கள், விதைத்தோம். நான்காம் நாள் மழை. சாதாரண மழைதான், ஆனால் மரம் நின்ற காலத்தில் இலையில் விழுந்து கிளையில் வழிந்து மெதுவாக இறங்கிய தண்ணீர், இப்போது மொட்டைச் சரிவில் ஓட்டப் பந்தயம் விட்டது. சாம்பல், மேல்மண், விதை நெல் எல்லாம் சேர்ந்து ஓடையில் இறங்கின. ஓடை காப்பி நிறமாயிற்று. லயத்துக்குக் குடிதண்ணீர் அந்த ஓடைதான். துரை பங்களாவுக்கும் தண்ணீர் வண்டி அங்கேதான் மொள்ளும். வீரம்மாவும் மற்றப் பெண்களும் மூங்கில் கூடு வைத்து விராலும் கெளுத்தியும் பிடிக்கிறதும் அதில்தான். கரையில் சுருண்டு சுருண்டு முளைக்கும் ஒரு கீரை, கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்களைப் பார்த்து இவர்களும் பறித்துக் குழம்பு வைக்கப் பழகியது, அதுவும் அங்கேதான். மச்சான், எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அரைப்படி அரிசியில் இந்த ஜனங்கள் எப்படி உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு நாளாவது நான் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். ஓடையும் அந்தக் காட்டு நிழலும் சீட்டு இல்லாமல் மீதி அரைப்படியைப் போட்டுக்கொண்டிருந்தன. ஜனங்களுக்குச் சோறு போடக் கிளம்பிய நான் முதல் காரியமாக அவர்கள் குழம்பைக் கொட்டிவிட்டேன்.

மழைக்குத் தப்பிய நெல்லை எலி தின்றது. எத்தனை எலி என்கிறீர்கள்! பாம்பு இருந்த காலத்தில் ஒளிந்து வாழ்ந்தவை எல்லாம் குடும்பம் குட்டியோடு வெளியே வந்துவிட்டன. வயலில் விதை தீர்ந்ததும் வீடுகளுக்குள் புகுந்தன. என் கலியாணத்துக்குத் தாங்கள் கோலாலம்பூரில் தைத்துக் கொடுத்த அதே கறுப்புக் கோட்டை நான் ஆணியில் மாட்டியிருந்தேன். காலையில் பார்த்தால் காலரும் ஐந்து பித்தானும் மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. சீதாலெட்சுமி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பாம்பு இருந்திருந்தா கோட்டு இருந்திருக்கும்" என்றாள். இன்னொரு மூலையில் நட்ட மரவள்ளியைப் பன்றிகள் கிளறிவிட்டன. அவற்றின் வீட்டைத்தான் நாம் எரித்துவிட்டோமே, வேறே எங்கே போகும்? இருளப்பக் கங்காணி தகரம் தட்டி விரட்ட ஆள் போட்டார். பன்றிகள் இரண்டு நாள் பயந்தன. மூன்றாம் நாளிலிருந்து தகரச் சத்தம் கேட்டால் கிழங்கு தயார் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு வர ஆரம்பித்தன.

ஆனி மாதம் துரை என்னைக் கூப்பிட்டார். அவர் கழுத்தெல்லாம் சொறிந்து சிவந்திருந்தது. சேற்றுத் தண்ணீரில் குளித்த பலன். "கிராணி, நெல் எங்கே?" என்றார். நான் விவரமாகச் சொன்னேன். "சரி. மீதி ஆறு ஏக்கர் நீ வெட்டு. திங்கட்கிழமை. சர்க்கார் ஆள் வந்து அளக்கும், பன்னண்டு இல்லேன்னா எனக்கும் வேலை இல்லே, உனக்கும் வேலை இல்லே" என்றார். மீதி ஆறு ஏக்கர் என்பது மேல்பாதி, ஓடையின் ஊற்றுக்கண் இருக்கிற இடம். நான் சரிங்க துரை என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைத் தவிர வேறு பதில் நான் பழகியதில்லை.

அன்று சாயங்காலம் உங்கள் தங்கையும் நானும் போட்ட சண்டையை மறைக்காமல் எழுதுகிறேன்.

"ஊத்துக்கண்ணையுமா வெட்டப் போறீங்க?" என்றாள்.

"தொரை உத்தரவு. சனங்களுக்கு நெல்லு வேணுமா வேணாமா?"

"வேணும். மொதல்ல வெட்டினதுல எத்தன படி வந்துச்சு?"

"அது வந்து, மழை..."

"மழை மேல பழி போடாதீங்க. மழை அதுபாட்டுக்கு எல்லா வருஷமுந்தான் பெய்யுது."

"வெட்டலன்னா என் வேலை போயிரும் சீதா. நாம எங்க போறது?"

அவள் அடுப்பில் இருந்த தண்ணீரை இறக்கி வைத்தாள். அப்புறம், "தண்ணி இல்லாத தோட்டத்துல கிராணி வேலைய வச்சு என்ன செய்வீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகக் கேட்டதால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. தங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை பேர் கூப்பிடும்போது ஆண்கள் மட்டும் நின்றார்கள். பெண்கள் ஒருத்தியும் இல்லை. கோடாலி, காடு வெட்டும் பாராங்கத்தி சகிதமாக நாங்கள் ஓடைக்கரைக்குப் போனால், மேல்காட்டின் முகப்பில் பாய் விரித்து வரிசை வரிசையாக அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், முன்வரிசை நடுவில் தங்கள் தங்கை, பக்கத்தில் வீரம்மா, கஞ்சிப் பானை, உப்பு, பச்சை மிளகாய். நான் கங்காணியைப் பார்த்தேன். கங்காணி இரண்டாவது வரிசையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அங்கே அவர் சம்சாரம் உட்கார்ந்திருந்தது. கோடாலி பிடித்தவர்களில் கலியாணம் ஆகாதவன் ஒருத்தன்தான். அவன் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

துரை குதிரையில் வந்தார். "யார் இது? கிராணி, உன் பொம்பளையா?" என்றார்.

"ஆமாங்க தொரை."

சீதாலெட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அகப்பையோடு எழுந்தாள். குதிரை நகர்ந்தது அப்போதுதான்.  துரை முகத்தைப் பார்த்தே பேசினாள் மச்சான்.

"தொரை, நெல்லு வேணாம்னு சொல்ல நாங்க வரல. எங்களுக்குப் பசி. போன தடவ வெட்டினீங்க. மீனு போச்சு, கீரை போச்சு, தண்ணி சேறாச்சு. நெல்லு ஒரு படி வரல. ஊத்துக்கண்ணையும் வெட்டிட்டா, அரிசி வந்தாலும் ஒலை வைக்கத் தண்ணிக்கு எங்க போறது?"

"சர்க்கார் பன்னண்டு ஏக்கர் கேக்குது. நான் எங்கே போறது?"

"பன்னண்டு ஏக்கர்தான வேணும்? மரம் இல்லாத எடத்துல காட்டறோம்."

"மரம் இல்லாத இடம் எங்கே இருக்கு?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். துரையும் பார்த்தார். தோட்டத்தின் வரைபடம் என் மேஜையில்தான் இருக்கிறது, மூலைமுடுக்கெல்லாம் எனக்குத்தான் தெரியும் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது. ஆனாலும், "இருக்குங்க தொரை" என்றேன். என் ஜீவியத்தில் நான் யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.  அதற்குள் வீரம்மா ஒரு செம்பில் ஓடைத் தண்ணீரை மொண்டு வந்து குதிரைக்கு முன்னால் வைத்து, "தொரை, இதுல மொகம் கழுவுவீங்களா?" என்றாள். துரை செம்பைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். "ஒரு மாசம்" என்று சொல்லிக் குதிரையைத் திருப்பிவிட்டார்.

இதுதான் மச்சான் நடந்தது. இதற்குத்தான் கயிறும் புலியும்.

அந்த ஒரு மாதம் நான் உழைத்தது போல என் ஆயுசில் உழைத்ததில்லை. வெட்டிய ஆறு ஏக்கரை முதலில் சரி செய்தோம். எரியாமல் மிஞ்சிய அடிமரங்களைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் கிடத்தி மண்ணை நிறுத்தச் சொன்னது வீரம்மா. அதற்குப் பின்னால் மறுபடி நெல் விதைத்தோம், மூன்றே மாதத்தில் விளையும் நெல்லைக் கம்பத்துக்காரர்கள் கொடுத்தார்கள். கரையோரம் பதினைந்தடி அகலம் விட்டுவிட்டோம், அங்கே எதுவும் முளைத்துக்கொள்ளட்டும் என்று. மீதி ஆறு ஏக்கரைத் தேடி நான் கயிறும் முளைக்குச்சியுமாக அலைந்தேன், பின்னாலேயே தங்கள் தங்கை. லயத்துக்குப் பின்புறம், வாய்க்கால் மேடு, வண்டிப்பாதையின் இரண்டு ஓரம், போன வருஷம் நட்ட இளரப்பருக்கு இடையே வெயில் விழுகிற வரிசைகள், அப்புறம் என் புண்ணியத்தில் கருகிய அந்த நாற்பது மரம் நின்ற இடம். வரைபடத்தில் ஒன்றும் இல்லாத வெள்ளைக் காகிதமாக இருந்த துண்டுகள் எல்லாம் நடந்து பார்த்தால் நிலமாக இருந்தன. வள்ளிக்கிழங்கு, மரவள்ளி, சோளம், பயறு என்று பெண்கள் நட்டுக்கொண்டே வந்தார்கள். காட்டை ஒட்டிய இரண்டு வரிசை மரவள்ளியைப் பன்றிக்கு என்றே விட்டுவிடச் சொன்னாள் வீரம்மா. எனக்கு மனசு வரவில்லை. "அதுங்களுக்கு அரிசிச் சீட்டு யாரு குடுப்பா கிராணியாரே?" என்றாள். விட்டுவிட்டோம். நம்புங்கள், அந்த இரண்டு வரிசையோடு பன்றிகள் அநேகமாகத் திருப்திப்பட்டுக்கொள்கின்றன. அநேகமாகத்தான்.

ஆடிக் கடைசியில் கிள்ளானிலிருந்து உணவு இன்ஸ்பெக்டர் வந்தார், ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி, மருந்துக்கும் சிரிப்பில்லாத முகம். துண்டு துண்டாக அளந்து கூட்டினார். பதினொன்றரை ஏக்கர். அரை ஏக்கர் குறைந்தது. "அந்தக் காட்டு ஓரத்தில் ஓர் அரை ஏக்கர் வெட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்று இங்கிலீஷில் சுலபமாகச் சொன்னார். துரை காட்டைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பங்களாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம், நான், சீதாலெட்சுமி, கங்காணி, வேடிக்கை பார்க்க வந்த லயத்து ஜனம்.  ஒருவர் பின் ஒருவராக எல்லார் கண்ணும் ஒரே திசைக்குப் போயிற்று. பங்களாவுக்கு முன்னால் துரையின் டென்னிஸ் புல்தரை, கண்ணளவில் அரை ஏக்கர், பச்சைப் பட்டு விரித்த மாதிரி, நடுவில் வலை கட்டி, தினமும் தண்ணீர் தெளித்து, உருளை போட்டு உருட்டி வைத்திருந்தார்.

துரை திரும்பிப் பார்த்தார். "நீங்க எல்லாரும் என் புல்லைப் பாக்குறீங்க" என்றார்.

"இல்லைங்க தொரை" என்று நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னோம், புல்லைப் பார்த்துக்கொண்டே.

துரை கழுத்தைத் தடவிக்கொண்டார். கழுத்தில் அப்போது சொறி ஆறியிருந்தது, ஓடை கொஞ்சம் தெளிந்திருந்ததால். அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் பேசுகிற குரலில், "நாளைக்கு வலையைக் கழட்டு, கிராணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் நாங்கள் புல்லைக் கொத்தும்போது அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அங்கே வள்ளிக்கிழங்கு நட்டோம். போன வாரம் ஒரு மூலையில் தோண்டிப் பார்த்து, முதல் கிழங்கைச் சீதாலெட்சுமி சுட்டு அனுப்பினாள். வெண்ணெய் வைத்துத் தின்றாராம். இன்னொன்று இருக்கிறதா என்று சமையல்காரனை அனுப்பிக் கேட்டார்.

எல்லாம் நன்றாகிவிட்டது என்று நான் பொய் எழுத மாட்டேன். வெட்டிய ஆறு ஏக்கர் காடு போனது போனதுதான். அதில் நின்ற மரங்களில் சிலவற்றை இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அவற்றை வெட்டச் சொன்ன வாய் இந்த வாய்தான். ஓடையில் விரால் திரும்பி வந்துவிட்டதாக வீரம்மா சத்தியம் பண்ணுகிறாள், நான் தினமும் போய்ப் பார்க்கிறேன், என் கண்ணுக்கு இன்னும் படவில்லை. ஆனால் ஊற்று ஓடுகிறது. மேல்காட்டில் காலையில் குரங்குகள் கத்துகின்றன. சரிவில் நெல் கதிர் முற்றி மஞ்சளாகத் தலை சாய்ந்து நிற்கிறது. முந்தாநாள் அதன் நடுவே நடந்து போனபோது, நெல் எது கோரை எது என்று என்னால் யாரையும் கேட்காமல் சொல்ல முடிந்தது. இதைச் சீதாலெட்சுமியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். கலியாணமாகி நாலு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது உண்டு, ஆனால் இந்தச் சிரிப்பு வேறு தினுசு.

ஆகையால் மச்சான், தங்கள் தங்கையைக் காட்டில் யாரும் உட்கார வைக்கவில்லை, அவளே உட்கார்ந்தாள் என்பதையும், அதனால் அவள் கௌரவம் குறையவில்லை, லயத்தில் இப்போது என்னைவிட அவளுக்குத்தான் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள் என்பதையும் மனத்தில் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கு முழங்கால் வலி. ரயிலில் கூட்டம். ஸ்டேஷனிலிருந்து பாதை சரியில்லை. இங்கே எல்லாம் ஒழுங்காகவும் அமைதியாகவும் நடக்கிறது. பயிர் விஷயமாக இனி ஒரு கவலையும் இல்லை. எல்லாவற்றையும் நானே முன்னின்று கவனித்துக்கொள்கிறேன், வெளியார் உதவி எதுவும் தேவைப்படாது. தீபாவளிக்கு நாங்களே புறப்பட்டு வந்து தங்களையும் அக்காவையும் விழுந்து கும்பிட்டுக்கொள்கிறோம்.

இராஜம்மா அக்காவுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு எங்கள் இருவர் முத்தமும். கார்டு ஜெயராஜைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லவும். புலியையும் விசாரித்ததாகச் சொல்லவும். சகல சௌபாக்கியங்களும் தங்கள் வீட்டில் நிறைந்திருக்க மேரு மாரியம்மன் கிருபை செய்வாளாக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை புருஷன்,
சபாபதி.

பின்குறிப்பு: வியாழக்கிழமை காலை. உறையை ஒட்டப் போகும்போது நேற்றுச் சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. கதிரெல்லாம் மண்ணில் சாய்ந்துவிட்டது. இரண்டு நாளில் அறுக்காவிட்டால் கிடந்த இடத்திலேயே முளைத்துவிடும் என்று வீரம்மா அழுகிறாள்; அவள் அழுது நான் இதுவரை பார்த்ததில்லை. லயத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். துரையே கால்சராயை மடித்துக்கொண்டு வயலில் இறங்கி நிற்கிறார். ஆகவே மேலே எழுதியிருப்பதில் வர வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதை அடித்துவிட்டு வாசித்துக்கொள்ளவும். ஞாயிறு வரை காத்திருக்காமல், லீவு கேட்டுக்கொண்டு சனிக்கிழமை முதல் ரயிலுக்கே வந்துவிடுங்கள். தங்கள் ரயில்வே ஒர்க்ஷாப்பில் அரிவாள் பிடிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் கூட்டி வாருங்கள், ஜெயராஜையும்தான். வண்டி அனுப்புகிறேன். தங்கையை அழைத்துப் போகிற பேச்சை அறுப்பு முடிந்ததும் அவளிடமே பேசிக்கொள்ளலாம். இப்போது கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள், சாய்ந்த கதிருக்கு நடுவே குனிந்து நிற்கிறாள். என்னைத் தேடி அலைய வேண்டியதில்லை. வயலில் அரிவாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான்தான்.